தங்கையின் பங்கு

மார்ச் 4

காற்றைப் படைத்தவனே, அந்தக் காற்றோடு மல்லுக்கட்டப் பாரத்தையும் படைத்தவனே, இரண்டுக்கும் நடுவே ஒரு சிட்டுக்குருவியைப் பறக்கவிட்டு, "முடிந்தால் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லாமல் சொன்னவனே! உன் திருவடியை முதலில் வணங்கி, அதன் பிறகே இந்தப் பேனாவைத் தொடுகிறேன்.

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் மகள் வாலுவும் நலம். உன் நலமறிய அவா.

ஏழு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. "இந்த வீட்லேர்ந்து ஒருத்தரை உங்க தொழிற்சாலைக்குக் கொடுத்தாச்சு, இன்னொருத்தி வேண்டாம்ணா" என்று நீ வாசற்படியில் நின்று சொன்னாய். அவளோ பெட்டியோடு எனக்கு முன்னால் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கணக்கில் அத்தனை கூர்மையுள்ள பெண்ணை வேண்டாமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உன் கோபம் நியாயமானது. ஆயினும், நடப்பதை உனக்குத் தெரிவிப்பது என் கடமை.

நாங்கள் அடைபட்டிருக்கிறோம். நான் வடிவமைத்த புதிய விமானத்தைப் பொருத்தத் தொடங்கிய அன்றே மேலிடத்து உத்தரவும் வந்தது. முழுச் சுமையோடு விமானம் கிளம்பி, ஓடுபாதையின் கோடியிலிருக்கும் கம்பிவேலியைத் தாண்டிக் காட்டும்வரை, இதன் வேலையறிந்த எவரும் மதிலுக்கு வெளியே போகலாகாது. இன்றோடு பதினான்கு வாரம். வரைபடக்கூடத்தில் மேசைகளுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுக்கிறோம். கண் விழித்தால் தலைக்குமேல் தொங்குவது இறக்கையின் படம். ஜன்னலைத் திறந்தால் மதில். மதிலுக்குமேல் ஒரு சாண் வானம். வானத்தில் பறக்கும் பொருளைச் செய்கிறவனுக்கு வானம் ஒரு சாண்தான் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. இறைவனின் நகைச்சுவை எனக்கு எப்போதும் சற்றுப் பிந்தியே புரிகிறது.

கடிதங்களை வாயில் அதிகாரி பிரித்துப் படித்த பிறகே அனுப்புவார். விமானத்தின் எடை, நீளம், வேகம் என்று எந்த எண்ணை எழுதினாலும் கறுப்பு மையால் அடித்துவிடுவார். ஆகவே நம் குடும்ப அளவையில் சொல்கிறேன். உறுப்புகளின் எடையையெல்லாம் தாளில் கூட்டினால் ஒரு தொகை வருகிறது. முழு விமானத்தை எடைமேடையில் ஏற்றினால், அந்தத் தொகைக்குமேல் ஐந்து பெரிய அத்தை வருகிறது. நம் பெரிய அத்தையை நீ மறந்திருக்கமாட்டாய். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தால் உத்தரம் பதில் சொல்லும். அப்படி ஐந்து பேர் எங்கள் விமானத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே என்றுதான் தெரியவில்லை. வாலு மூன்று முறை கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டாள். "மாமா, தாள் பொய் சொல்லல, தராசும் பொய் சொல்லல. அப்ப நடுவுல யாரோ சொல்றாங்க" என்கிறாள்.

இந்த எடையோடு வேலியைத் தாண்டமுடியாது. தாண்டாதவரை கதவு திறக்காது.

ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்

*

மார்ச் 11

அண்ணாவுக்கு,

நலம். கடையில் பள்ளிச் சீருடை வேலை. ஆறு மெஷினும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் துணிக்கடியில் கிடந்தது. வேண்டுமென்றேதான் போட்டுவைத்தேன்.

என் மகளை எப்போது வெளியே விடுவார்கள் என்று எழுதுங்கள். அவளாக ரயில் ஏறினாள் என்கிறீர்கள். நெருப்பைக் காட்டிவிட்டுக் குழந்தை தானாகத் தொட்டது என்பதைப் போல.

பெரிய அத்தையை எடைக்கல் ஆக்கியதற்கு அவர் மேலுலகத்திலிருந்து உங்களைச் சபிப்பார். ஐந்து அத்தையை நம் பழைய வீட்டு மாடிப்படியே தாங்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போன மாதம் எழுபது சட்டை திரும்பி வந்தது. எல்லாமே பெரிது. அளவுச்சீட்டு சரி, கடையில் எல்லோரும் கெட்டிக்காரிகள். கூப்பிட்டு விசாரித்தேன். அளவெடுத்தவள், "வளர்ற பிள்ளைங்கக்கா" என்று ஒரு விரல் கூட்டிக் குறித்திருக்கிறாள். வெட்டினவள், "தையலுக்கு வேணுமே" என்று அவள் பங்குக்கு ஒரு விரல் விட்டிருக்கிறாள். தைத்தவள், "துவைச்சா சுருங்கும்" என்று துணியின் விளிம்பிலேயே ஊசியை ஓட்டியிருக்கிறாள். மூவரும் நல்லவர்கள். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது. அந்த மூன்று நல்ல மனசையும் சேர்த்துப் போட்டுக்கொண்ட பிள்ளை, கூடாரத்துக்குள் கம்பம் நிற்பதுபோல் நின்றது.

சட்டை பெரிதாக வந்தால் தராசைக் கேட்காதீர்கள். கைகளைக் கேளுங்கள்.

வாலுவுக்கு வெந்நீர் இல்லாவிட்டால் சளி பிடிக்கும். அதையாவது பாருங்கள்.

தங்கை

*

மார்ச் 17

அடியவர் பிழையை அவர் அறியுமுன்பே அறிந்து, அறியும்வரை பொறுத்திருக்கும் பெருமானை வணங்கி எழுதுகிறேன்.

அன்புள்ள தங்கைக்கு. உன் கடிதத்தின் அந்தச் சட்டைப் பத்தியை நின்றுகொண்டு படிக்கத் தொடங்கினேன், முடிக்கும்போது உட்கார்ந்திருந்தேன்.

கைகளைக் கேட்கச் சொன்னாய். கேட்க வேண்டிய முதல் கை என்னுடையது. பத்தொன்பது ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். வாயில் அதிகாரியும் படிக்கட்டும். ஆணையிட்டவன் நான், தண்டனை உண்டென்றால் எனக்கே உரியது.

மாப்பிள்ளை நம் முதல் விமானத்தோடு விழுந்தாரே, அந்த மரமும் துணியுமான விமானம், அதன் இறக்கைத் துணியை நீயே தைத்தாயே, அது விழுந்து பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். வரைபடக்கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: "இனிமே கணக்கு என்ன சொல்லுதோ அதோட நிறுத்தாதீங்க. எதுல கையெழுத்துப் போட்டாலும், போடறதுக்கு முன்னாடி என் தங்கச்சிக்குன்னு ஒரு இழை கனம் கூட்டுங்க." துக்கத்தில் சொன்ன சொல். ஆறு பேரும் அழுதார்கள். அதன்பின் நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் ஆலமரத்துக்கு ஒரு விதை போதும்.

அன்று ஆறு பேர். இன்று பதினொரு பிரிவு. கணக்கறை ஓர் இழை கூட்டுகிறது. வரைகிறவர் ஓர் இழை. தகடு வெட்டுகிறவர் அடுத்த கனத் தகட்டை எடுக்கிறார். ரிவெட் அடிக்கிறவர் பத்து ஆணிக்குப் பன்னிரண்டு அடிக்கிறார். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. பழைய விமானங்கள் சிறியவை, ஓடுபாதை பெரிது, யாரும் கவனிக்கவில்லை. இது பெரியது. எல்லா இழையும் ஒன்றுசேர்ந்து ஐந்து அத்தையாகி உட்கார்ந்துவிட்டன.

இதைக் கண்டுபிடித்தவள் வாலு. உன் கடிதத்தைக் காட்டினேன். மறுநாள் காலை ரிவெட் கொட்டகையில் போய்ச் சும்மா நின்றாளாம். மேஸ்திரி ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறார்:

"தங்கச்சி பங்கு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு மேஸ்திரி."

"எந்தத் தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறாள் வாலு.

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டாராம். "சாமிம்மா அது. இந்தக் கொட்டகைக்குக் காவல்."

"கோயில் எங்க இருக்கு?"

"கோயில் கிடையாது. பெரியவருக்குத்தான் விவரம் தெரியும்."

நேராக என் மேசைக்கு வந்தாள். "மாமா, எங்கம்மா எப்ப சாமியானாங்க? நான் ரயில் ஏறுற வரைக்கும் பட்டன்தானே தெச்சுக்கிட்டு இருந்தாங்க?" சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிக்கவில்லை.

இப்போது இக்கட்டு என்னவென்றால், எவரும் தாம் வைத்த இடத்தைச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தால், ஒவ்வொன்றிலும் வித்தியாசம் அளவுகோலுக்கு அகப்படாத ஓர் இழைதான். வரைகிறவர் வைத்ததோ வரைபடத்திலேயே கரைந்துவிட்டது. முதலிலிருந்து கணக்குப் போட ஓராண்டு ஆகும். கணக்குக்கு மாறாகக் கையொப்பமிட்டவருக்குச் சிறை என்று வாயிலில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பயம் ஒன்று. சாமி குற்றம் என்ற பயம் இன்னொன்று.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. விமானம் பறக்கும்போது விமானியின் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கருவிகளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். எடை மிஞ்சியிருப்பதால், எடை குறைந்தவரே அமரட்டும் என்று மேற்பார்வை அதிகாரி கணக்கறையினர் அனைவரையும் எடைமேடையில் ஏற்றினார். வாலு அரை அத்தைகூட இல்லை. அவள் பெயரை எழுதிவிட்டார். நான் மறுத்தேன். "உங்க மருமகங்கறதுக்காகத் தராசு வேற எடை காட்டுமா?" என்று கேட்டார்.

உன்னிடம் ஒன்று வேண்டுகிறேன். அவர்களுக்கு நீ ஒரு கடிதம் எழுது. உன் பங்கை நீயே திரும்ப எடுத்துக்கொண்டதாக எழுது. வேறு யார் சொல்லியும் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

உன் அண்ணன்

*

மார்ச் 22

அண்ணாவுக்கு,

என்னைக் கேட்டீர்களா?

பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளாவது, "உன் பேரை இப்படி ஒரு காரியத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டீர்களா? நான் அழ வேண்டியதை அழுது முடித்தேன். மகளைப் படிக்கவைத்தேன். கடை போட்டேன். இப்போது எனக்கு முட்டிவலி, இரண்டு கடைவாய்ப்பல் இல்லை, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது. நீங்களோ என்னை அந்த இருபத்தேழு வயதில், அந்த மைதானத்தில், கையில் சாப்பாட்டுக் கூடையோடு அப்படியே நிறுத்திவைத்து, தகட்டுக்குத் தகடு ஆணியடித்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் பதினாறு வாரமாகத்தான் அடைபட்டிருக்கிறீர்கள் அண்ணா.

அப்படி வைத்தும் என்ன ஆயிற்று? என் பேரால் சேர்த்த கனம் என் மகளையே மேலே தூக்கமாட்டேன் என்கிறது.

கடிதம் எழுதமாட்டேன். நான் கொடுக்காத பங்கை எப்படித் திரும்ப வாங்குவது? ஆணையிட்ட வாய் உங்களுடையது. அதே வாயால் ரத்து செய்யுங்கள். வாலுவை அந்த இருக்கையிலிருந்து எழுப்புங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லமுடியாது. நீங்கள் படிக்கும் முன்னால் வேறொருவர் படிக்கிறார்.

தங்கை

*

மார்ச் 31

எல்லாம் அவன் செயல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத இடத்தில் நின்று, அவனையே வணங்கி எழுதுகிறேன்.

அன்புள்ள தங்கைக்கு. நீ கேட்ட கேள்விக்கு விடை: கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அன்பு என்று நினைத்துச் செய்கிற காரியத்துக்கு அனுமதி எதற்கு என்று இருந்துவிட்டேன். பிழைதான்.

நீ சொன்னபடியே செய்தேன். கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, மேசைமேல் ஏறி நின்று, "நான் சொன்னதை நானே எடுத்துட்டேன். யார் எங்க பங்கு வெச்சீங்களோ சொல்லிடுங்க. எந்தத் தண்டனையும் என்னைச் சேரும்" என்றேன். ரிவெட் மேஸ்திரி மட்டும் முன்னால் வந்தார். "ஐயா, வெக்கச் சொன்னது நீங்கதான். ஆனா பங்கு உங்களுது இல்லீங்களே" என்றார். கூட்டம் அவர் பின்னாலேயே கலைந்தது. மேசையிலிருந்து இறங்க எனக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நான்கு நாளைக்குமுன் சுமையில்லாமல் ஒரு சோதனை. பயப்படாதே, விமானி மட்டுமே ஏறினார், வாலு தரையில்தான் நின்றாள். விமானம் பாதையின் கடைசிவரை ஓடி, போனால் போகிறதென்று எழும்பியது. வேலியோரத்து முட்செடியின் தலையைச் சக்கரம் சீவிவிட்டது. சுமையில்லாதபோதே இப்படி. முழுச் சுமைச் சோதனை ஏப்ரல் கடைசி நாளில் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வாலுவின் பெயரை எடுக்க மூன்று விண்ணப்பம் கொடுத்தேன். மூன்றும் திரும்பிவிட்டன. அவளும் எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள். "நான் போட்ட கணக்கு மாமா. வேற யாரையாவது உக்கார வெச்சுட்டு நான் கீழ நின்னு பாக்கணுமா?"

சக்கரத்தில் சிக்கியிருந்த முள்ளை எடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் கண் அதன்மேல் போகிறது.

தங்கையே, எனக்கு வயது அறுபத்தொன்று. ஒரே வீட்டில் இரண்டாம் முறை கேள்வி வந்தால் நான் என்ன விடை சொல்வேன்? முதல் கேள்விக்கே என்னிடம் விடை இல்லை. அன்று முறிந்தது இறக்கையைத் தாங்கும் தண்டு. அதன் கனத்தைத் தீர்மானித்தவன் நான். விமானம் இலகுவாக இருக்கட்டும் என்று கடைசி வாரத்தில் ஓர் இழை குறைத்தேன். கணக்குப்படி போதும் என்றுதான் குறைத்தேன். ஆனால் மாப்பிள்ளை அதில்தான் விழுந்தார். அந்த ஓர் இழையைத்தான் பத்தொன்பது ஆண்டுகளாக எல்லோர் கையாலும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன் போலும். இதை உன்னிடம் நேரில் சொல்லும் துணிவு எனக்கு வந்ததே இல்லை.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 5

வாயில் அதிகாரி அவர்களுக்கு வணக்கம். இதை முதலில் படிப்பவர் நீங்கள். படியுங்கள். ஒரு சொல்லையும் அடிக்காமல் கொடுத்துவிடுங்கள். எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அண்ணாவுக்கு,

தண்டு மெலிதாக இல்லை.

நீங்கள் வேகம் காட்டும் கருவியின் முகத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தீர்கள். இதற்குமேல் போகாதே என்று. உங்கள் மாப்பிள்ளை அதைத் தாண்டினார். அன்று மட்டுமல்ல. அதற்குமுன் இரண்டு தடவை தாண்டியிருக்கிறார். வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் எதிரில் நின்றபோது "கோட்டுக்குள்ளதான் ஓட்டுனேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று காலை விமானம் வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். கிளம்பும் முன் என்னிடம் வந்து, "உங்கண்ணன் போட்ட கோடு கிழவங்களுக்கு. அதைத் தாண்டிக் காட்டுனாத்தான் இவங்க கண்ணு திறக்கும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாண்டிட்டுச் சீக்கிரம் வாங்க. சாப்பாடு ஆறிடும்."

அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. போகவேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் ஓடிவந்து சொல்லவும் இல்லை.

விழுந்த பிறகு எல்லோரும் அவரை வீரர் என்றார்கள். உங்கள் வாயிலில் படம் மாட்டினார்கள். என் மகளுக்கு அந்தச் சொல்லைச் சோற்றோடு பிசைந்து ஊட்டி வளர்த்தேன். அதைப் பிடுங்க மனசு வரவில்லை. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு என் வீட்டுக்கு வருவீர்கள், குனிந்துகொண்டே போவீர்கள். சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் குனிந்திருந்தது எனக்கு வசதியாக இருந்தது அண்ணா. குற்றத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால், மற்ற ஆளை யாரும் தேடமாட்டார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் தண்டு போதும். நீங்கள் குறைத்த கனமும் சரி, கணக்கும் சரி. இதை நம்புங்கள்.

இதை வாலு முதலில் தனியாகப் படிக்கட்டும். என்மேல் கோபப்பட்டால் விட்டுவிடுங்கள், படட்டும். அதன் பிறகு கீழே இருப்பதை எல்லோருக்கும் வாசியுங்கள். கூடவே ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். துணியில் குறி போடும் சாக்கட்டி, இருநூறு துண்டு. எங்கள் கடையில் துணி பெரிதாகிவிட்டால், யார் என்று நான் கத்துவதில்லை. அதை ஆணியில் மாட்டி, பக்கத்தில் சாக்கட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது எங்கெங்கே பிரிக்க வேண்டுமோ அங்கெல்லாம் கோடு இருக்கும். பேர் இருக்காது.

*அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும். நான்தான் நீங்கள் சொல்லும் தங்கச்சி. நான் சாமி இல்லை. துணி தைக்கிறவள். என் வீட்டுக்காரர் விமானம் மெலிதாக இருந்ததால் சாகவில்லை. போட்ட கோட்டைத் தாண்டியதால் செத்தார். எனக்குத் தெரிந்தே தாண்டினார். எனக்காக நீங்கள் கூட்டி வைத்ததையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். மனசு நிறைந்துவிட்டது. போதும். இப்போது அதை எடுத்துவிடுங்கள். மேலே போகிறவள் என் மகள்.*

தங்கை

*

மே 2

சிறையிலும் உடனிருப்பவனை, சிறை திறந்தபோது மட்டும் நினைப்பது நன்றியன்று. அது திறக்காதபோதும் அவனை வணங்கியே தொடங்குகிறேன்.

அன்புள்ள தங்கைக்கு. வாலு நலம். அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை இனி நிதானமாகப் படி.

உன் கடிதத்தை வாயில் அதிகாரி தாமே கொண்டுவந்தார். வழக்கமாகக் காவலர் கையில் கொடுத்தனுப்புவார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல அடிக்க ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாலுவிடம் கொடுத்தேன். எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்துத் திரும்ப முதலிலிருந்து படித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னைப் பற்றியும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, கருவிப் பலகையின் முன் சிவப்புப் பெயிண்டோடு உட்கார்ந்திருந்தாள். வேகம் காட்டும் கருவியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விமானியைக் கூப்பிட்டு, "அண்ணே, முள்ளு இதைத் தாண்டுச்சுன்னா நான் கதவைத் திறந்து இறங்கி நடந்து போயிடுவேன். எங்க வீட்ல தாண்டுனவங்க போதும்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் என்ன ஆனேன் என்று கேட்பாய். நிமிர்ந்தேன் என்று எழுத ஆசைதான். பத்தொன்பது ஆண்டு குனிந்த முதுகு ஒரு கடிதத்தில் நிமிர்வதில்லை. ஆனால் மேசைமேலிருந்த அந்த முட்செடி முள்ளை எடுத்து வெளியே எறிந்துவிட்டேன். உன்மேல் சினம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு பகல் முழுதும் இருந்தது. பிறகு, சாப்பாட்டுக் கூடையோடு நின்ற அந்தப் பெண்ணின் வாயில் வந்த சொல்லை எண்ணிப் பார்த்தேன். அவள் கணவன் திரும்பி வருவான் என்பதில் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது என் கணக்குத்தான். யாரை யார் மன்னிப்பது? இறைவன் கையிலும் ஒரு சாக்கட்டி இருந்தால், அவன் அதை நம் இருவர்மேலும் மெதுவாகத்தான் வைப்பான்.

உன் தாளைக் கொட்டகையில் வாசித்தேன். சாக்கட்டிப் பெட்டியை விமானத்தின் மூக்குக்குக் கீழே வைத்தேன். நானே முதல் துண்டை எடுத்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நான் ரகசியமாக வைத்த தகட்டின்மேல் கோடிழுத்தேன். பிறகு எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். மேற்பார்வை அதிகாரியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த டீயை அவ்வளவு மெதுவாக நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

திரும்பி வந்தபோது, தங்கையே, விமானம் வெள்ளைக் கோடுகளால் நிறைந்திருந்தது. இறக்கையின் அடியில், வாலில், சக்கரத்தின் கதவில், கை எப்படி எட்டியது என்று தெரியாத மூலைகளில். கோயிலுக்குள் நுழைந்தவன்போல் நின்றுவிட்டேன். ரிவெட் மேஸ்திரியின் பத்து விரலும் வெள்ளையாக இருந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் டீ குடிக்கத்தாங்க போயிருந்தேன்" என்றார். பதினெட்டு நாள் பிரித்தோம், மாற்றினோம், துளையிட்டுக் குறைத்தோம். ஒவ்வோர் இடத்தையும் வாலு கணக்கு பார்த்த பிறகே தொட்டோம்.

எடைமேடையில் நான்கு அத்தை இறங்கிவிட்டார்கள். ஓர் அத்தை மட்டும் இறங்கவில்லை. தேடினேன். சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வாலு உட்காரும் இருக்கையின் தரைத்தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு சாக்கட்டிக் கோடுகூட இல்லை. தகடு இரட்டையாக, சட்டம் கனமாக, ஆணிகள் நெருக்கமாக, எல்லாப் பிரிவும் வைத்தது வைத்தபடியே இருந்தது. போதாததற்குப் புதிதாகவும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. வாலு கணக்கைப் பார்த்து, "இந்த ஒண்ணோட தாண்டிடும் மாமா, மயிரிழைல" என்றாள். அது எங்கே இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. தரைத்தகட்டை மூடிவிட்டேன்.

ஏப்ரல் முப்பதாம் நாள் காலை முழுச் சுமையோடு ஓடியது. பாதை முடியும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது வேலிக்குமேல் இருந்தது. எவ்வளவு உயரம் என்று எழுதினால் அடிபடும். வேலியோரம் நம் பெரிய அத்தை குடை பிடித்து நின்றிருந்தால், குடை கிழிந்திருக்கும். அத்தைக்கு ஒன்றும் ஆகியிராது.

பதினொரு நிமிடம் பறந்து இறங்கினார்கள். இருபத்திரண்டு வாரத்தில் இந்த மதிலுக்கு வெளியே போய் வந்தவள் உன் மகள்தான். விமானியைக் கழித்துவிட்டால் அவள் ஒருத்தியே. எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "ஒரு தெரு. ஒரு வீட்டு மாடில துணி காயப் போட்டிருந்தாங்க. ஒரு சட்டை ரொம்பப் பெருசா இருந்துச்சு" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மாவுக்கு எழுதுங்க மாமா. எனக்குக் கோபம் இன்னும் பாக்கி இருக்கு, ஆனா அம்மாவைப் பாக்கணும்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். வரத்தான் முடியாது. வேலியைத் தாண்டினால் கதவு திறக்கும் என்றார்கள், தாண்டினோம். மாலையில் மேற்பார்வை அதிகாரி புதிய நோட்டீஸை ஒட்டினார். ஒன்று பறந்தது தற்செயலாக இருக்கலாமாம். இதேபோல இன்னும் சில செய்து பறக்கவிட்ட பிறகே வாயில் திறக்குமாம். எத்தனை என்பதும் எழுதக்கூடாத எண்தான். உன் இரு கை விரலும் போதாது என்று மட்டும் வைத்துக்கொள். நோட்டீஸைப் படித்தவர்கள் அவரவர் மேசைக்கும் கொட்டகைக்கும் திரும்பினார்கள். தகடு வெட்டும் ஓசை மறுபடி தொடங்கிவிட்டது.

இன்று காலை அந்த ஓசைக்கு நடுவே ரிவெட் கொட்டகை வழியாக நடந்தேன். இரண்டாம் விமானத்தின் தரைச்சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். "மருமக பங்கு வெச்சாச்சா?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. என்னைக் கண்டதும் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

நேராக மேசைக்கு வந்து இதை எழுதுகிறேன். அன்று உன்னைக் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். இது உன் மகளின் பெயர். அவளையும் கேட்பேன், முதலில் உன்னைக் கேட்கிறேன். வைக்கலாமா, வேண்டாமா? உன் விடை வரும்வரை இரண்டாம் விமானத்தின் அந்தத் தரைத்தகட்டை மூடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது திறந்தே இருக்கும்.

இக்கடிதம் சேரும் இடத்தில் உன் கண்ணுக்கு ஒளியும், உன் முட்டிக்கு வலுவும், ஆறு மெஷினுக்கும் அறாத நூலும் வாய்க்கட்டும். உனக்கு முன்னே இதைப் பிரித்துப் படிக்கிற வாயில் அதிகாரியும், அவர் என்றைக்குத் திரும்புவார் என்று காத்திருக்கும் அவர் வீட்டாரும், உனக்குப் பின்னே என்றோ எங்கோ இதைப் படிக்கப்போகிற எவரும், அவர்தம் மனையும் மக்களும், கனக்க வேண்டிய இடத்தில் கனத்தும் இலகுவாக வேண்டிய இடத்தில் இலகுவாகவும், போட்ட கோட்டுக்குள் பறந்து, பொழுது சாயுமுன் பத்திரமாகத் தரையிறங்கி, நீடூழி வாழ்க.

உன் அண்ணன்